பக்கத்து வீட்டார் ஆடிக் கூழை மறுத்தால் அது அவமரியாதையா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். பத்து வருஷமாக ஆடிக் கூழ் வாங்கிக் குடித்த பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம், இந்த வருஷம் பைபிள் வசனம் காட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள். இது அம்மனை அவமதிப்பதுதானே? அந்த வசனத்துக்கு எப்படிப் பதில் சொல்லி மடக்குவது? டிசம்பரில் அவர்கள் தரும் கேக்கை நாங்களும் திருப்பி அனுப்பலாமா?

பதில்:

மடக்க வேண்டாம். மடக்கிவிட்டாலும் அவர்கள் கூழ் குடிக்கப் போவதில்லை.

அவர்கள் காட்டியது பெரும்பாலும் பவுல் என்ற ஆதி கிறிஸ்தவப் போதகர் கொரிந்து என்ற ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 10ஆம் அதிகாரமாக இருக்கும். அந்த ஊரில் கோயிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கு விற்பனைக்கு வரும். புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்கள் அதை வாங்கிச் சாப்பிடலாமா என்பதுதான் அங்கே வழக்கு. 25ஆம் வசனம், கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறது. 27, வேறு மதத்தவர் விருந்துக்குக் கூப்பிட்டால் இலையில் வைத்ததைச் சாப்பிடு என்கிறது. 28தான் முக்கியம்: இது படைக்கப்பட்டது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் சாப்பிடாதே, அப்படிச் சொன்னவருக்காகவே விலகிக்கொள்.

இப்போது உங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். தூக்குவாளியை நீட்டும்போது நாம் என்ன சொல்வோம்? "அம்மனுக்குப் படைச்ச கூழ்ங்க்கா, வாங்கிக்குங்க." பக்தியோடும் பாசத்தோடும் சொல்கிற அந்த முதல் இரண்டு வார்த்தைதான் 28ஆம் வசனத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்குப் பிறகு வாங்கினால் அவர் தன் வேதத்தை மீறுகிறார், வாங்காவிட்டால் உங்களைப் புண்படுத்துகிறார். அவருக்கு வேறு வழி வைக்காமல் நிறுத்தியது நாம்.

அதற்காகப் படைத்ததை மறைத்துக் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நம்பிக்கைத் துரோகம். ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளைத் தெரியாமல் அவர் வயிற்றுக்குள் போகவிடுவது எந்த மதத்திலும் பாவம்தான்.

வழி அடுப்படியிலேயே இருக்கிறது. ஒரு கிலோ ராகி மாவை முதல் நாள் ராத்திரியே இரண்டு லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் கால் கிலோ அரிசி நொய்யை நாலைந்து லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தீயைக் குறைத்து, புளித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்டுகிறோம். தளதளவென்று கொதிக்கும்போது மொத்தமாக ஊற்றினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவோடு உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி வைக்கிறோம். இந்த நிமிஷம் வரை அது வெறும் சாப்பாடு. பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் அது படையல். ஆகவே இறக்கியதும் குங்குமம் வைப்பதற்கு முன்பே நாலைந்து கரண்டி கெட்டிக் கூழை வேறு பாத்திரத்தில் எடுத்து மூடி, தள்ளி வையுங்கள். கரைக்க வேண்டாம். மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் தனியாகக் கொடுத்துவிட்டால் அவர்களே கரைத்துக்கொள்வார்கள். கொடுக்கும்போது சொல்ல வேண்டியது: "படையலுக்கு முந்தியே உங்களுக்குன்னு எடுத்து வெச்சதுங்க்கா." அதையும் உண்மையாகச் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். அம்மனுக்கு முன்னால் மனிதருக்கு எடுப்பதா என்று பெரியவர்கள் தடுத்தால், அவர்கள் முறை அவர்களுக்கு. அந்த வீட்டுக்கென்று தனி அடுப்பில் கால் கிலோ மாவில் கிண்டிவிடுங்கள். சில சபைக்காரர்கள் திருவிழாவை ஒட்டிச் சமைத்தது எதுவும் வேண்டாம் என்பார்கள். அப்போது அரைக் கிலோ ராகி மாவைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர்கள் வீட்டு அடுப்பில் அவர்களே கிண்டிக்கொள்ளட்டும்.

அந்த அதிகாரத்தில் 20ஆம் வசனமும் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். பழைய தமிழ் பைபிளில் அங்கே "பேய்கள்" என்ற சொல் வருகிறது. மாரியம்மனைக் கும்பிடுகிறவர் அதை வாசித்தால் வயிறு எரியும், எரிவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகும் முன் நம் அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். ஞானசம்பந்தர் தேவாரத்தில் பதிகத்துக்குப் பதிகம் பத்தாவது பாட்டில் சமணரையும் (ஜைனரையும்) சாக்கியரையும் (பௌத்தரையும்) கண்டிப்பது வழக்கம். அதைத் தினமும் ஓதுகிற சைவர் யாரும் செவ்வாய்ப்பேட்டை ஜைன வியாபாரியிடம் போய் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுவதில்லை, நல்லபடியாகக் கணக்கு முடித்துவிட்டு வருகிறார். பக்கத்து வீட்டாரிடம் நீங்கள் நியாயமாகக் கேட்கக்கூடியதும் அதுதான்: மறுப்பது உங்கள் உரிமை, ஆனால் என் வாசலில் நின்று 20ஆம் வசனத்தை வாசிக்காதீர்கள். மறுக்க ஒரு வரி போதும். "எங்க முறையில இது இல்லீங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

படையலை மறுப்பது அந்நிய மதத்தின் வேலை என்று எழுதுகிறவர்களுக்கு: ஆசாரமான வைணவர் பெருமாளுக்குப் படைக்காத உணவைத் தொட மாட்டார். அவர் வேறு சந்நிதிப் பிரசாதத்தை ஒதுக்கும்போது நமக்குக் கோபம் வருவதில்லை, ஆசாரம் என்கிறோம். குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 3ஆம் வசனம் அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லப்பட்டதை விலக்குகிறது. அது அறுத்த பிராணிக்கு மட்டுமா, கூழுக்கும் பழத்துக்கும் சேர்த்தா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதனால் ஒரு பாய் வீட்டில் வாங்குவார்கள், அடுத்த வீட்டில் வாங்க மாட்டார்கள். அதே குர்ஆன் 6:108, மற்றவர்கள் வணங்குவதை ஏசாதீர்கள் என்றும் சொல்கிறது. வாங்க மறுப்பதும் ஏசுவதும் வேறு வேறு. உங்கள் கேள்வியில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

வேத வசனத்தைப் பேசியே ஆக வேண்டுமென்றால் முறையோடு பேசுங்கள். அதிகார எண்ணும் வசன எண்ணும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொடாதீர்கள். எந்த மொழிபெயர்ப்பு என்று கேளுங்கள். பழைய பைபிளில் "விக்கிரகம்" என்று இருப்பது கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் பொது மொழிபெயர்ப்பில் "சிலை" என்று இருக்கும். நமக்கு விக்கிரகம் கருவறைச் சொல், அதனால்தான் கூடுதலாகச் சுடுகிறது. முன்னே பத்து, பின்னே பத்து வசனம் சேர்த்துப் படியுங்கள், யாருக்கு எப்போது சொன்னது என்று பாருங்கள். அதற்கப்புறமும் அது அவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். "உங்க பைபிள்ல அப்படிச் சொல்லலியே" என்று நாம் பாடம் எடுத்தால் கசப்புதான் மிஞ்சும். கோபத்தில் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவது 299ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை.

ஆதாரம் காட்டி ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நம் சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயிலைப் பார்க்கலாம். அர்த்த பத்மாசன இருக்கை, தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது என்று தொல்லியல் துறை பார்த்துச் சொன்னதை வைத்து, 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே இருப்பது புத்தர் சிலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. அடையாளம் சரிதான். ஆனால் அதுவரை அங்கே பூசை வைத்தவர்கள் புத்தரை இழிவு செய்யவில்லை, தங்கள் முனியப்பனைத்தான் கும்பிட்டார்கள். கல் யாருடையது என்பது ஒரு கேள்வி, கும்பிட்டவரை எப்படி நடத்துவது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குத்தான் ஆதாரம் பதில் சொல்லும்.

பக்கத்து வீட்டாரை ஏற்காடு சேர்வராயன் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் இதே அளவுதான். குகைக்குள் வர விருப்பமில்லையென்றால் வெளியே நிற்கட்டும். வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றால் போதும், கை கூப்ப வேண்டியதில்லை. திருநீறுக்குக் கை நீட்டிவிட்டு வெளியே வந்து தூணில் தடவுவதுதான் அவமரியாதை. வாங்கிக் கொட்டுவதற்கு வாங்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

இடையில் ஒரு ஆதங்கம். அம்மனுக்கு அவமரியாதை என்று கொதிக்கிறவர்கள், ஆடிக் கூழை பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, அதெல்லாம் திருமணிமுத்தாற்றில் மிதப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. எட்டுப்பேட்டை மாரியம்மனுக்கும் ஒரே நேரத்தில் விழா நடக்கிற ஊர் இது. வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவரச் சொன்னால் வராமலா போவார்கள்?

கேக் விஷயம்: திருப்பி அனுப்ப உங்கள் முறையில் காரணம் இருந்தால் அனுப்புங்கள். முட்டை சேராது, விரத நாள், பிளம் கேக்கில் பழத்தை ஒயினில் ஊறவைத்திருப்பார்களோ என்ற தயக்கம், எதுவானாலும் நேரில் கேளுங்கள், சொல்வார்கள். கூழுக்குப் பழிவாங்க மட்டும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆடியில் விழாவுக்குக் கம்பம் நட்டதுமே அந்த அக்காவிடம் போய், தனியாக எடுத்து வைத்தால் குடிப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். மாவு ஊறப்போடும் முன்னாலேயே பதில் தெரிந்துவிடும்.