சின்ன அரங்கில் ஷூகேஸ்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷூகேஸ் (shoegaze: கிடார் இரைச்சலில் குரல் அமிழ்ந்து கேட்கும் ராக் இசை), அதற்கு நெருக்கமான ட்ரீம் பாப், போஸ்ட் ராக் குழுக்களைச் சின்ன அரங்குகளில் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்.

அண்ணா, இங்கே படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதலில் எங்கே போகலாம்?

செயின்ட் வின்சென்ட் தெருவில் இருக்கும் கிங் டட்ஸ் வா வா ஹட் என்ற இசை அரங்குக்குப் போங்கள், தம்பி. 1990-இல் திறந்த இடம், 300 பேர் கொள்ளும். மாடிப்படிகளில் வருஷத்தையும், அந்த வருஷம் வாசித்த குழுக்களின் பெயர்களையும் எழுதி வைத்திருப்பார்கள். நிதானமாகப் படித்துக்கொண்டே ஏறுங்கள். அப்புறம், சீக்கிரமே போய்விடுங்கள், முதலில் வாசிக்கும் குழுவைத் தவறவிடாதீர்கள். 1993-இல் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தின் ஆலன் மெக்கீ, இங்கே ஒயாசிஸ் என்ற ராக் குழுவைப் பார்த்து ஒப்பந்தம் பேசினார். அன்றைக்கு அவர்கள் முக்கியக் குழுவே இல்லை, முன்னால் வாசிக்க வந்தவர்கள்.

முன் வரிசையில் நின்றேன். கிடார் மண்டையைப் பிளந்தது, பாடகியின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. ஏன்?

சின்ன அரங்கில் டிரம்ஸ் ஒலியும் கிடார் ஆம்ப் (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒலியும் மேடையிலிருந்தே நேராக வந்து விழும். குரலோ இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வரும். நடுவில், மேடையை ஒட்டி நிற்பவருக்கு அந்த ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் போய்விடுகின்றன. சவுண்ட் இன்ஜினியரின் மிக்சர் மேசைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று பாருங்கள். அவர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் கலக்குகிறார், அதே கலவை உங்களுக்கும் கிடைக்கும். பின்சுவரில் சாய்ந்து நிற்காதீர்கள், அங்கே பேஸ் (கீழ்த்தொனி ஒலி) திரண்டு மற்றதை மூடிவிடும்.

ஒன்று சொல்லவேண்டும்: இந்த இசையில் பல குழுக்கள் குரலை வேண்டுமென்றே கிடாருக்கு அடியில் அமுக்கி வைக்கிறார்கள். வார்த்தை புரியாவிட்டால் உங்கள் காதில் குறை இல்லை. நான் அதைப் பாட்டாகக் கேட்பதைவிட இன்னொரு வாத்தியமாகவே கேட்கிறேன்.

ஏன் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே வாசிக்கிறார்கள்? கூச்சமா?

காலடியில் வரிசையாக பெடல்கள், அதாவது காலால் மிதித்துக் கிடார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகள், இருக்கும். ரிவெர்ப் (அரங்கு முழங்குவது போன்ற ஒலி), டிலே (எதிரொலி), ஃபஸ் (கரகரப்பு) என்று ஒன்றை அணைத்து இன்னொன்றை மிதிக்க, கீழே பார்த்துத்தானே ஆகவேண்டும்! ஷூவையே பார்க்கிறார்கள் என்று பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் 1990 வாக்கில் கேலியாக வைத்த பெயர்தான் ஷூகேஸ் (கேஸ் என்றால் உற்றுப் பார்ப்பது). மேடைக்கு அருகில் நின்றால் அந்தக் கால்களைக் கவனியுங்கள். எந்த மிதியில் ஒலி மாறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய ஸ்டேடியத்தில் இது கிடைக்காது.

காது பஞ்சு அவசியமா? இசை கெட்டுப் போகாதா?

அவசியம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! ஒருமுறை அலட்சியமாகப் போய், இரண்டு நாள் காதில் ரீங்காரத்தோடு தூங்காமல் கிடந்தேன். சாதாரணப் பஞ்சோ டிஷ்யூவோ போதாது. இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த காதடைப்பான் வாங்குங்கள். ஒலி மங்காது, அளவு மட்டும் குறையும். ஷூகேஸ் குழுவான மை பிளடி வேலன்டைன் 2008-இல் மறுபடி மேடையேறியபோது, வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள்.

அக்கா ஒருவர்: தனியாகப் போனால் சங்கடமாக இருக்குமா?

இருக்காது அக்கா. பாதிப் பேர் தனியாக வந்தவர்களாகவே தெரிவார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மெதுவான பகுதிகளில் பேசாமல் இருந்தால் போதும். முடிந்ததும் டி-ஷர்ட், ரெக்கார்டு விற்கும் மேசைப் பக்கம் போங்கள். பல நேரம் வாசித்தவர்களே அங்கே நின்று விற்பார்கள். எந்த பெடல் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.