குட்டி விமானம் வாங்கப்போகிறீர்களா? முதலில் பணத்தை ரிமோட்டில் போடுங்கள்

பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் ரிமோட் விமானம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சைக்கிள், கேரம் போர்டு மாதிரி கடையில் தொட்டுப் பார்த்து வாங்கும் பொருள் இல்லை இது. படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம், அதனால் ஏமாறுவதும் எளிது. நானும் ஏமாந்தவன்தான். அந்தக் கதை உள்ளே வருகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் ரிமோட் விமானம் கேட்கிறான். ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 20,000 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டுமே ஃபோம், இரண்டுமே பறக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது சார்? (ஓசூரிலிருந்து ஒரு தந்தை)

இரண்டும் பறக்கும், அதில் பொய் இல்லை. 2,000 ரூபாய் விமானத்தின் படத்தைப் பெரிதாக்கி வாலைப் பாருங்கள். அசையும் தகடு எதுவும் இருக்காது. இறக்கையில் சுண்டுவிரல் அளவுக்கு இரண்டு மோட்டார் இருக்கும். இடது மோட்டார் வேகமாகச் சுற்றினால் வலப்பக்கம் திரும்பும், இரண்டும் வேகமெடுத்தால் மேலே போகும். அவ்வளவுதான் வித்தை. காற்றில்லாத காலை ஆறரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஜோராகச் சுற்றும். ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பிவிட்டால் ரிமோட் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை. ஆனால் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பையன் நிஜமாகவே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ‘ட்ரெய்னர்’ வகைதான். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், இரு நுனியும் லேசாக மேலே தூக்கியிருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் விமானம் தானாகவே நிமிர முயல்வதற்குத்தான் அந்த வடிவம். இறக்கை நுனிக்கு நுனி ஒரு மீட்டராவது இருக்கட்டும். சின்னது விலை குறைவு என்று போகாதீர்கள். நூறு மீட்டர் தள்ளிப் போனதும் அது முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. புரொப்பல்லர் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, மூக்கு குத்தி விழும்போது புரொப்பல்லர் பிழைக்கும். விழாதே என்கிறீர்களா? விழும்.

மகன் ராஃபேல் போர் விமான மாடலைத்தான் காட்டுவான். வேண்டாம். இறக்கை சின்னதாக இருந்தால் வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். வேகமாகப் போகிற ஒன்றை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்காது.

இப்போது பட்ஜெட். மொத்தப் பணத்தையும் விமானத்தில் போடாதீர்கள். விமானம் தேய்ந்துபோகிற பொருள், சோப்பு மாதிரி. ரிமோட்டும் சார்ஜரும் ஐந்தாறு விமானங்களைப் பார்த்த பிறகும் வீட்டில் இருக்கும். கையில் 15,000 இருந்தால் விமானத்துக்கு அதில் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே விமானத்தை ஆர்.டி.எஃப்., பி.என்.எஃப்., பி.என்.பி. என்று மூன்று விலையில் போட்டிருக்கிறார்கள். குறைந்த விலையில் ஆர்டர் போட்டுவிட்டேன். பெட்டியில் ரிமோட்டைக் காணோம். புகார் கொடுக்கலாமா? (திருப்பூர்)

கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் கடைக்காரர் எழுத்தில் சொல்லிவிட்டார், நாம்தான் படிக்கவில்லை. ஆர்.டி.எஃப். என்றால் ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து வரும். பி.என்.எஃப். என்றால் விமானத்துக்குள் ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) இருக்கும், ரிமோட் வராது. பி.என்.பி. என்றால் மோட்டார், சர்வோ (வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) மட்டும்தான். ரிசீவர், ரிமோட், பேட்டரி மூன்றும் நம் செலவு.

பி.என்.எஃப். வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எந்த ரிமோட்டும் எந்த ரிசீவரோடும் பேசாது. எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் பாஷை வேறு. ஃப்ளைஸ்கை கம்பெனி ரிமோட் ஒன்று பேசும், ஸ்பெக்ட்ரம் கம்பெனி ரிமோட் இன்னொன்று பேசும், புதிதாக வரும் ரிமோட்டுகளில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற பாஷை இருக்கும். ஆர்டர் போடும் முன் “இந்த ரிமோட்டோடு பைண்ட் ஆகுமா (இணையுமா)?” என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகும் என்று சொல்லி ஆகாமல் போனால், அப்போது உங்கள் புகார் நிற்கும்.

கேள்வி: எந்த ரிமோட் வாங்கலாம் அண்ணா? நாலு சேனல் போதுமா? ஹாஸ்டல் பசங்க நாலு பேர் சேர்ந்து பணம் போடுறோம். விமானத்தை நாங்களே செய்துகொள்வோம். (பொறியியல் இரண்டாம் ஆண்டு, கோவை)

நாலு பேர் பணம் போடுவது நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் முதல் தடவை யார் ஓட்டுவது என்று இப்போதே சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள்.

சேனல் என்றால் ரிமோட்டிலிருந்து தனியாக ஆட்டுவிக்கும் ஒரு வேலை. ஓட்டுவதற்கு நாலு சேனல் போதும்: திராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர் (மூக்கை மேலே, கீழே), ரடர் (மூக்கை இடம், வலம்), ஏலரான் (இறக்கையைச் சாய்க்க). ஆனால் வாங்கும்போது ஆறு வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் புதிதாக வருகிறவர்கள் கையில் அதிகம் பார்ப்பது ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ6. ரிசீவரோடு சேர்த்து ஏறத்தாழ 5,000 ரூபாய் ஆகும். ரேடியோமாஸ்டர் பாக்கெட் என்ற ரிமோட்டும் நல்ல சாமான்தான், டைப்-சி கேபிளை மடிக்கணினியில் சொருகி நேராகவே சிமுலேட்டர் (கணினித் திரையில் ஓட்டிப் பழகும் மென்பொருள்) ஓட்டலாம். அதற்கு 18650 செல் (ஒருவகை லித்தியம் பேட்டரி) தனியாக வாங்க வேண்டும், ரிசீவரும் தனி. எதை வாங்கினாலும் ‘மோட் 2’ என்று பார்த்து வாங்குங்கள், அதாவது திராட்டில் இடது கையில். மைதானத்தில் உங்களுக்கு உதவ வருகிறவர் பெரும்பாலும் அதில்தான் பழகியிருப்பார்.

நான் ஏமாந்தது இங்கேதான். முதல் ரிமோட் வாங்கப் போனபோது கடையில் “அதே ஆறு சேனல்தான் சார், ஆயிரம் ரூபாய் கம்மி” என்று திரையில்லாத பழைய மாடல் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஏலரான் தலைகீழாக வேலை செய்கிறது, அதைத் திருப்ப வேண்டும் என்றால்கூட கம்ப்யூட்டரில் மென்பொருள் போட்டு, தனிக் கேபிள் வாங்கி இணைக்க வேண்டும். மைதானத்துக்கு யார் கம்ப்யூட்டர் தூக்கிக்கொண்டு போவது? திருப்பிக் கொடுக்கப் போனால் “பெட்டி பிரித்தாச்சே” என்றார்கள். ஒன்பது வினாடி பறந்து ஒரு வேலிக்கருவையில் முடிந்தது அந்த விமானம். ரிமோட்டில் சின்னதாகவாவது திரை இருக்கட்டும்.

மற்றவற்றுக்கு: 2212 மோட்டார், 1000 கேவி (22 மில்லிமீட்டர் அகலம், 12 உயரம் என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் கணக்கு, கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது). 30 ஆம்ப் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 9 கிராம் சர்வோ நாலு, 10 அங்குலப் புரொப்பல்லர், 2,200 மில்லியாம்ப் 3எஸ் லைப்போ (மூன்று செல் சேர்ந்த லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்று. பேட்டரியையும் சார்ஜரையும் தவிர்த்தால் இவை 1,500 ரூபாய்க்குள் அடங்கும். சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். புரொப்பல்லர் மட்டும் நாலு வாங்குங்கள், முதல் வாரத்திலேயே மூன்று போய்விடும்.

உடம்புக்கு விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் கோரோ ஷீட் போதும். பார்க்க அழகாக இருக்காது, கொஞ்சம் கனமும்கூட. ஆனால் சேற்றில் விழுந்தால் துடைத்துவிட்டு, ஹாட் குளூ வைத்து, அரைமணியில் மறுபடி ஏற்றலாம். மோட்டாரையும் ஈ.எஸ்.சி.யையும் சால்டர் வைக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், புரொப்பல்லர் இல்லாமல். சால்டர் பட்ட பொருளை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

முதல் பத்து மணி நேரம் சிமுலேட்டரில் போகட்டும். பிகாசிம் இலவசம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும், அந்தக் குழப்பம் விரலை விட்டுப் போக அவ்வளவு நேரம் ஆகும்.

கேள்வி: ஆன்லைனில் லைப்போ பேட்டரி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் லேசாக உப்பலாக இருக்கிறது. “அப்படித்தான் இருக்கும், சார்ஜ் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார் விற்றவர். (மதுரை வாசகி)

சார்ஜ் போடாதீர்கள் அம்மா. சரியாகாது. உள்ளே வாயு சேர்ந்துதான் உப்புகிறது, அது திரும்பிப் போகாது. கட்டை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நல்ல பேட்டரி சாக்லேட் பாளம் மாதிரி கெட்டியாக இருக்கும், கெட்டது தலையணை மாதிரி அமுங்கும். அழுத்திப் பார்க்க வேண்டாம், தொட்டாலே தெரியும்.

உரிமை உங்கள் பக்கம். 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படத்தோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி பேட்டரி வந்தவுடன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, மல்டிமீட்டர். 3எஸ் பேட்டரி புதிதாக வரும்போது 11.4 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். இரண்டு, சமையலறைத் தராசு. 2,200 மில்லியாம்ப் 3எஸ் பொதுவாக 160 முதல் 190 கிராம் இருக்கும். 120 கிராம் காட்டினால் உள்ளே 2,200 இல்லை, ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. ‘60சி’, ‘100சி’ (பேட்டரி எவ்வளவு வேகமாக மின்சாரம் தரும் என்ற கணக்கு) என்று போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் பணம் தராதீர்கள். ட்ரெய்னருக்கு நிஜமான 25சி தாராளம்.

சார்ஜரில் ஐமேக்ஸ் பி6 பெயரில் போலி ஏராளம். ஸ்கைஆர்சி தயாரிக்கும் அசலில் ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். 2,200 பேட்டரிக்கு 2.2 ஆம்புக்கு மேல் வைக்க வேண்டாம். மெத்தை மேல் வைக்காதீர்கள், போட்டுவிட்டுக் கடைக்கும் போகாதீர்கள். எங்கள் வீட்டில் பழைய மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் நடக்கும். “குழம்பு வைத்த சட்டி” என்று வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

கேள்வி: தாம்பரத்தில் வீடு. மொட்டைமாடியிலிருந்து பறக்கவிடலாமா? லைசென்ஸ் வேண்டுமா?

உங்கள் மாடியிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தெரியுமே! பக்கத்திலேயே விமானப்படைத் தளமும் இருக்கிறது. அங்கே வேண்டவே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் நாலு விசிறி ட்ரோனுக்கு மட்டுமல்ல, இறக்கை வைத்த மாடலுக்கும் சேர்த்துத்தான். வாங்கும் முன்பே மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் நீங்கள் பறக்கவிட நினைக்கும் மைதானத்தைத் தேடுங்கள். பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) 400 அடி வரை போகலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் என்றால் 200 அடிதான். பொழுதுபோக்குக்கு, 2 கிலோவுக்குள் இருக்கும் மாடல் என்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. தனி அடையாள எண் மட்டும் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது விதி. பச்சை மண்டலமே ஆனாலும் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறார். அங்கே விலை குறைவாமே, ஒன்று வாங்கிவரச் சொல்லவா?

முழு விமானம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து முழுமையான ட்ரோன் கொண்டுவர 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. மாடல் விமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சுங்கத்தில் நிறுத்தினால், மச்சான் உங்களைத்தான் திட்டுவார். பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. மோட்டார், சர்வோ என்று கேளுங்கள். லைப்போ கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

கேள்வி: பழைய நைட்ரோ எஞ்சின் விமானம் 6,000 ரூபாய்க்கு வருகிறது, எடுக்கலாமா?

முதல் விமானமாக வேண்டாம். மெத்தனால் கலந்த எரிபொருளைத் தேடி அலைய வேண்டும், குளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் பாகம்) மாற்ற வேண்டும், எண்ணெய் பிசுக்கு சட்டையெல்லாம் படியும். சத்தம் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆசையாக இருந்தால் ஒரு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வாரம் விமானம் கரும்புத் தோட்டத்தில் விழுந்துவிட்டது, இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. இதற்கு ஏதாவது கருவி விற்கிறதா? (ஈரோடு)

விற்கிறது. சின்ன பஸர், 200 ரூபாய்க்குள் கிடைக்கும். ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் சொருகிவிட்டு ஒரு சுவிட்சோடு இணைத்தால் போதும், தட்டினால் கத்தும். அது இல்லாதவர்கள் ஏலரான் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே நடந்தால், பக்கத்தில் வந்ததும் சர்வோ முனகுவது கேட்கும். திராட்டிலைத் தொடாதீர்கள், பயிருக்குள் சிக்கிய மோட்டார் புகைந்துவிடும்.

காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. விமானத்தின் வயிற்றில் கைப்பேசி எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதிவையுங்கள். என்னுடையது ஒன்று ஏரிக்கரையில் காணாமல் போய் மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அதை வேப்பமரத்தடியில் துண்டு விரித்துப் படுக்கவைத்திருந்தார். “ஒரு ரெக்கை ஒடிஞ்சிருக்கு தம்பி, வயர் எதையும் நான் தொடல” என்றார்.