பழைய பிவிசி பைப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாமா?

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: சொட்டுநீர் லைனை மாற்றியதில் பழைய பிவிசி பைப்பும் கருப்பு டியூப்பும் மலைபோல் கிடக்கின்றன, பிளாஸ்டிக்கைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிற சின்ன மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிப் போடலாமா?

வேண்டாங்க. பிவிசி எடையில் 57 சதவீதம் குளோரின். சூடு 200 டிகிரியைத் தாண்டினால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பும், கலப்பில்லாத பிவிசி 100 கிலோவில் 58 கிலோ வரை இப்படியே போய்விடும், ஈரம் பட்டால் அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மெஷினின் இரும்பையும் அரிக்கும், பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சையும் அரிக்கும். கிடைக்கிற கொஞ்ச எண்ணெயிலும் குளோரின் கலந்திருக்கும். திறந்தவெளியில் கொளுத்தினால் டையாக்சின் என்ற கொடிய நச்சும் சேரும், அது இன்னும் மோசம்.

அப்படியானால் கேடில்லாத வேதிமுறையே கிடையாதா? இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் முதல் வேலை குளோரினைப் பிடித்து வைப்பதுதான். மூடிய அழுத்தக் கலனில் காஸ்டிக் சோடா கரைசலோடு சூடாக்கினால் குளோரின் சாதாரண உப்பாகத் தண்ணீரில் தங்கிவிடும். கணக்குப் போட்டால் 100 கிலோ பிவிசிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோ உப்பு! ஃபுளோரைடு தண்ணீரால் ஏற்கனவே பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் நம்முடையது, இந்த உப்புத் தண்ணீரையும் நிலத்தில் விட மனசு வருமா? 2022-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்சாரத்தால் குளோரினை மெதுவாகப் பிரித்து, அதை வேறு வேதிப்பொருள் செய்யவே பயன்படுத்திக் காட்டினார்கள், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. ஆனால் அது ஆய்வகத்தில் செய்தது, தோட்டத்துக் கொட்டகையில் நடக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் சின்னத் துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள்: பிவிசி மூழ்கும், கருப்பு லேட்டரல் டியூப் பாலிஎதிலீன் என்பதால் மிதக்கும். மண்ணைக் கழுவி, கேட்வால்வையும் இரும்பு கிளாம்பையும் கழற்றிவிட்டு, பிவிசியைத் தனியாக, அரைத்து மறுபடி பைப் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் பழைய சாமான் கடையில் போடுங்கள், கலந்து போட்டால் விலையும் குறையும். கெட்டியான பைப்புக்கு இன்றைக்கு இதுதான் சுத்தமான வழி. அப்புறம், பழைய பைப்பில் ஈயம் சேர்த்திருக்கலாம், ரம்பத்தால் அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அதைக் குடிநீர் லைனுக்குத் திரும்பப் போடாதீர்கள்.