ஸ்டாலின் மொலோடோவுக்கு எழுதிய கடிதங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். சோவியத் தலைவர் ஸ்டாலின் தன் நெருங்கிய சகா மொலோடோவுக்கு எழுதிய கடிதங்களை வைத்து ஆய்வேடு எழுத ஆசை. தனிப்பட்ட கடிதம் என்பதால் மனதில் இருந்ததை அப்படியே எழுதியிருப்பார் என்று நம்பலாமா?

பதில்: அந்த நம்பிக்கையோடு ஆரம்பிக்காதீர்கள். 1925 முதல் 1936 வரையிலான இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை வேலை ஏவும் கடிதங்கள். கோடையில் ஸ்டாலின் தெற்கே கருங்கடல் கரையில் இருக்கும் சோச்சி பக்கம் ஓய்வுக்குப் போய்விடுவார். மாஸ்கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர் மொலோடோவ். நேரில் சொல்லியிருக்க வேண்டியது காகிதத்துக்கு வந்தது. மற்றவர்களிடமும் காட்டு என்று சில கடிதங்களில் அவரே சொல்கிறார். ஆகவே, ‘மனதில் என்ன நினைத்தார்’ என்பதைவிட, ‘இதை எழுதிய பிறகு என்ன நடந்தது’ என்று கேளுங்கள்.

1930 செப்டம்பரைப் பாருங்கள். இறைச்சி, மீன், காய்கறி விநியோகத்தில் நாசவேலை செய்ததாகப் பிடிபட்டவர்களின் வாக்குமூலங்களை உடனே வெளியிட வேண்டும், ஒரு வாரம் கழித்து அத்தனை பேரையும் சுட்டுவிட்டதாக ஓஜிபியு (அன்றைய ரகசிய போலீஸ்) அறிவிக்க வேண்டும் என்று எழுதுகிறார். செப்டம்பர் 22 அன்று வாக்குமூலங்கள் பத்திரிகையில் வந்தன. 25 அன்று, 48 பேர் சுடப்பட்டதாகச் செய்தி. வெளிப்படையான விசாரணை எதுவும் இல்லை. கடிதத்தையும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். கராதிகின், ரியாசந்த்சேவ் என்று அவர்களுக்குப் பெயர்கள் உண்டு. அவற்றையும் ஆய்வேட்டில் எழுதுங்கள், எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள்.

அதே கோடையில் வெள்ளிச் சில்லறைக்குத் தட்டுப்பாடு. அரசு காகிதப் பணத்தை அளவில்லாமல் அச்சடித்ததால், மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கினார்கள். ஸ்டாலின் மொலோடோவுக்குச் சொன்ன வழியோ வேறு: நிதித்துறையிலும் அரசு வங்கியிலும் இருபது முப்பது ‘நாசகாரர்களை’ச் சுட வேண்டும், கேஷியர்களும் அதில் அடக்கம். மேடையில் பேசிய அதே பாஷையைத்தான் நெருங்கிய சகாவிடமும் பேசுகிறார். இந்தக் கடிதங்களில் நமக்குக் கிடைக்கும் பெரிய சான்று இதுதான் என்பேன்.

விடுபட்டவற்றையும் கணக்கில் எடுங்கள். மொலோடோவின் பதில்கள் பெரும்பாலும் இல்லை. மூலக் கடிதங்களை 1969இல் கட்சி ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தவரும் அவர்தான். கொடூரத்தின் உச்சமான 1937, 1938இல் ஸ்டாலின் தெற்கே போகாமல் மாஸ்கோவிலேயே இருந்தார், அதனால் கடிதமும் இல்லை. இன்னொரு நெருங்கிய சகாவான ககனோவிச்சுடன் ஸ்டாலினுக்கு 1931 முதல் 1936 வரை நடந்த கடிதப் போக்குவரத்தில் இரு தரப்பும் கிடைக்கிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

முதுகலை ஆய்வேட்டுக்கு 1930 கோடை ஒன்றே தாராளம். 1995இல் வந்த ஆங்கிலத் தொகுப்பில் விரிவான குறிப்புகள் இருக்கின்றன. பிரதமர் பதவியிலிருந்து ரைகோவை நீக்கி மொலோடோவையே அங்கே உட்கார வைக்கும் யோசனையும் அந்த செப்டம்பர் கடிதங்களில்தான் வருகிறது. டிசம்பரில் அது நடந்தும் விட்டது. அந்த மூன்று மாத பொலிட்பீரோ (கட்சியின் உச்சக் குழு) முடிவுகளைக் கடிதங்களோடு தேதிவாரியாக ஒப்பிடுவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.