லட்சம் பேர் விண்ணப்பித்தும் ஸ்டேஷனில் ஏன் ஆள் இல்லை?

கேள்வி: வாசலில் நின்ற பைக் திருடு போய்விட்டது. ஸ்டேஷனுக்குப் போனால், "ரெண்டு பேர்தான் இருக்கோம், மத்தவங்க பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். காவலர் தேர்வுக்குத்தான் லட்சக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்களே, அப்புறம் ஆளுக்கு என்ன பஞ்சம்?
– ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பியது தப்பு. திருட்டுப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆள் இல்லை என்பது அதற்குக் காரணமாகாது, மறுபடி போய்க் கேளுங்கள்.

ஆனால் அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. விண்ணப்பிக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் ஸ்டேஷன் வந்து சேரத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. 2023 ஆகஸ்டில் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 3,359 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது, அதில் சிறைக்காவலர், தீயணைப்பாளர் போக காவலர் 2,599 பேர்தான். எழுத்துத் தேர்வு டிசம்பர் 10-ல் நடந்தது, அதன் பிறகு உடல் அளவு, ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ், மருத்துவம், முன்நடத்தை விசாரணை என்று ஒவ்வொன்றாக முடித்து ஏழு மாதப் பயிற்சிக்கும் போய்விட்டு வந்தால், ஆண்களுக்குச் சிறப்புக் காவல்படை பட்டாலியன், பெண்களுக்கு ஆயுதப்படை. உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வருவது அங்கே சில வருஷம் கழித்த பிறகுதான். ஓய்வு பெறுகிறவர்களோ மாதக் கடைசிதோறும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, ஸ்டேஷனில் இருப்பவர்களாவது உங்கள் தெருவுக்கு வருவார்களா? கணக்கில் முப்பது பேர் என்று வையுங்கள். பாராவுக்கு ஒருவர், ரைட்டர், கோர்ட் டியூட்டிக்கு ஒருவர், சம்மன் கொடுக்க, தபால் கொண்டுபோக, கம்ப்யூட்டரில் ஏற்ற, அப்புறம் அயல்பணி என்று வேறு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியே வராத சிலர். இதற்கு மேல் திருவண்ணாமலை தீபம், பசும்பொன் குருபூஜை என்றால் பல மாவட்டங்களிலிருந்து ஆளை இழுத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் உண்டு: இத்தனை வருஷம் ஆனால் பதவி உயர்வு என்ற ஏற்பாட்டில் காவலர் ஏட்டாகி, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆகிவிடுகிறார். அது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த நியாயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு ரோந்துக்கு இளவயதுக் காவலர் குறைந்துபோகிறார், அந்த இடத்தை நிரப்பப் புது ஆள் வர வேண்டாமா?

காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021-ல் உத்தரவு வந்தது. ஆள் இல்லாத ஸ்டேஷனில் முதலில் பறிபோவது அந்த ஒரு நாள்தான், தூக்கமில்லாத மனுஷன் புகார் கொடுக்க வருபவரிடம் எரிந்து விழுகிறார். என்னைக் கேட்டால், தபாலுக்கும் கம்ப்யூட்டருக்கும் சீருடை போடாத பணியாளர்களை வைத்தாலே ஸ்டேஷனுக்கு நாலு பேர் மிச்சமாவார்கள், அதற்கு எந்த ஓட்டப் பந்தயமும் நடத்த வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. காவலர் வேலைக்கென்றே படிக்கிறான். 2024-ல் அறிவிப்பே வரவில்லை, 2025-ல்தான் வந்தது. இன்னும் காத்திருக்கலாமா?
– ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் வகுப்புக்கு உச்ச வயது 28, அதனால் இன்னும் வாய்ப்பு உண்டு அம்மா. ஒரு வருஷம் அறிவிப்பு தவறினால் எத்தனை பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிடுகிறது என்பது உங்களைப் போன்ற வீடுகளுக்குத்தான் தெரியும், வருஷாவருஷம் ஒரே மாதத்தில் அறிவிப்பு வந்தாக வேண்டும். அதுவரை சும்மா இருக்க விடாதீர்கள், கைவசம் வேறு வேலை ஒன்று இருக்கட்டும். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள், பலர் அதை லேசாக நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், அதை இப்போதே பழகட்டும். ஊரில் அடிதடி வழக்கு எதிலும் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம், விசாரணையில் எப்படியும் வெளியே வந்துவிடும்.