பட்டச் சான்றிதழில் இருந்த கவிஞர் பெயர் எங்கே போனது?

கேள்வி: என் தங்கை 2014-இல் ஜெர்மனியில் முதுகலை முடித்தாள். பட்டத்தில் 'எர்ன்ஸ்ட் மோரிட்ஸ் ஆர்ன்ட் பல்கலைக்கழகம், கிரைஃப்ஸ்வால்ட்' என்று அச்சாகியிருக்கிறது. இப்போது அவள் சேரப்போகும் நிறுவனத்தில் சான்றிதழ் சரிபார்ப்பவர்கள், "இந்தப் பெயரில் பல்கலைக்கழகமே இல்லையே" என்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஆர்ன்ட் ஒரு தேசபக்திக் கவிஞர், கதைசொல்லி என்றும், ஏதோ சர்ச்சையில் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றும் தெரிகிறது. பட்டம் செல்லுமா? நேர்காணலில் இவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: பட்டம் செல்லும். அதில் சந்தேகமே வேண்டாம். பால்டிக் கடலோரத்தில், 1456-இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் அது. 2018-இல் பெயரிலிருந்து கவிஞரை எடுத்துவிட்டு 'கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகம்' என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். இடம், துறைகள், பதிவேடு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. உங்கள் தங்கை அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். பட்டத்தின் நகலை இணைத்து, இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனத்தைக் குறிப்பவை என்று ஒரு கடிதம் கேட்கட்டும். நிறுவனத்தின் படிவத்தில் பட்டத்தில் உள்ள பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்றைய பெயரையும் சேர்த்துவிட வேண்டும். சரிபார்ப்பில் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்: படிவத்தில் புதுப் பெயர், சான்றிதழில் பழைய பெயர், இரண்டையும் இணைக்க ஒரு காகிதமும் இல்லை.

சரி, யார் இந்த ஆர்ன்ட்? இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இரண்டு வரிகள் அவரைத் தியாகியாகக் காட்டுகின்றன, இல்லாவிட்டால் வெறியராகக் காட்டுகின்றன.

1769 டிசம்பரில், ரூகன் தீவில் பிறந்தவர். அந்தத் தீவும் எதிர்க்கரையிலுள்ள கிரைஃப்ஸ்வால்டும் அப்போது ஸ்வீடன் மன்னரின் ஆட்சியில் இருந்தன. அவருடைய அப்பா பண்ணையடிமையாகப் பிறந்தவர். நிலத்தோடு சேர்த்து ஆளையும் பிரபுவுக்கு உடைமையாக்கிய முறை அது. பிரபு சம்மதிக்காமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகன் பிறந்த அதே ஆண்டில்தான் அப்பாவுக்கு விடுதலை கிடைத்தது. ஆர்ன்ட்டின் எழுத்தை எங்கே தொட்டாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

கிரைஃப்ஸ்வால்டிலும் யேனாவிலும் இறையியலும் வரலாறும் படித்தார். பாதிரியார் ஆகும் எண்ணத்தை விட்டுவிட்டு ஆஸ்திரியா, ஹங்கேரி, இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றினார். திரும்பி வந்து கிரைஃப்ஸ்வால்டில் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, 1803-இல் பொமரேனியாவிலும் (கிரைஃப்ஸ்வால்ட் இருக்கும் கடலோரப் பகுதி) ரூகனிலும் நிலவிய பண்ணையடிமை முறையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். விவசாயிகளை வீட்டோடு கிளப்பிவிட்டு, அவர்கள் நிலத்தைப் பிரபுக்கள் தங்கள் பண்ணையில் சேர்த்துக்கொண்டதை அதில் எழுதியிருந்தார். பிரபுக்களுக்குக் கோபம் வந்தது. புத்தகத்தில் பழைய ஸ்வீடன் மன்னர்களைப் பற்றிய காரமான வரிகளுக்குக் கோடு போட்டு, மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃபிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மன்னர் வெகுண்டு, விளக்கம் கேட்கும்படி ஆளுநருக்கு அனுப்பினார். ஸ்ட்ரால்சுண்ட் நகரில் ஆளுநர் முன் நின்ற ஆர்ன்ட், அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கி, விவசாயிகளுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்லும் பக்கங்களுக்குத் தானும் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதைப் படித்த மன்னர், "அப்படியென்றால் அவர் சொல்வது நியாயம்தான்" என்ற பொருளில் சொல்லி விட்டுவிட்டாராம். பிற்காலத்தில் ஆர்ன்ட்டே தன் நினைவுக் குறிப்பில் எழுதியது இது. 1806-இல் அந்தப் பகுதியில் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அவர் எழுதியவற்றிலேயே பெரிய காரியம் செய்தது இந்தப் புத்தகம்தான் என்பது என் கருத்து. ஆனால் அவருக்குப் புகழ் சேர்த்தவை பாட்டுகள்.

அதே 1806-இல் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் படை, பெரிய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவை நொறுக்கியது. நெப்போலியனைத் தாக்கி எழுதியிருந்த ஆர்ன்ட், ஸ்டாக்ஹோமுக்குத் தப்பி ஓடினார். 1812-இல் ரஷ்யாவுக்குப் போய், அங்கே தங்கியிருந்த பிரஷ்ய அரசியல்வாதி ஷ்டைன் பிரபுவுக்குச் செயலாளர் ஆனார். துண்டுப் பிரசுரங்களும் போர்ப் பாட்டுகளும் கொட்டியது அப்போதுதான். 'இரும்பை விளையவைத்த கடவுள் அடிமைகளை விரும்பவில்லை' என்று ஒரு பாட்டு தொடங்குகிறது. பண்ணையடிமையின் மகன் பாடுகிறார் என்று தெரிந்து கேட்டால் அந்த வரியின் கனம் புரியும்.

1813-இல் எழுதிய இன்னொரு பாட்டு, 'ஜெர்மானியனின் தாய்நாடு எது?' என்று கேட்கிறது. பிரஷ்யாவா, ஸ்வாபியாவா, பவேரியாவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை, அதைவிடப் பெரியது என்று மறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில், ஜெர்மன் மொழி ஒலிக்கும் இடமெல்லாம் என்று விடை சொல்கிறது. ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லாமல் டஜன் கணக்கில் அரசுகள் சிதறிக் கிடந்த காலம். இந்தப் பாட்டு கிட்டத்தட்ட நாட்டுப் பண்ணாகவே பாடப்பட்டது. அதில் இன்னும் கொஞ்சம் கீழே போனால், பிரெஞ்சுக்காரன் ஒவ்வொருவனும் எதிரி, ஜெர்மானியன் ஒவ்வொருவனும் நண்பன் என்ற வரிகள் வருகின்றன. ஒரே பாட்டு, ஒரே மூச்சு.

அது போர்க் காலத்து ஆவேசம் என்று தள்ளிவிட முடியாது. அதே 1813-இல் மக்கள் வெறுப்பைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதி, பிரெஞ்சுக்காரர் மீதான வெறுப்பு நீண்ட காலத்துக்கு, என்றென்றைக்குமாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். அந்நிய நாட்டு யூதர்கள் ஜெர்மனிக்குள் வரவே கூடாது, வந்தால் இனத்தின் தூய்மை கெடும் என்றும் எழுதினார். அப்பாவை ஒருவன் உடைமையாக வைத்திருந்ததை மறக்காத மனிதர், வேறொரு மக்கள் கூட்டத்தைப் பற்றி இப்படி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1818-இல் பான் நகரில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு மன்னர்கள் வாக்குறுதிகளை மறந்ததை விமர்சித்ததால், 1820-இல் பாடம் நடத்தத் தடை விதித்தார்கள். அந்தத் தடை இருபது ஆண்டு நீடித்தது. 1840-இல் பிரஷ்யாவின் புதிய மன்னர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். 1848-இல், எழுபத்தெட்டு வயதில், ஜெர்மன் அரசுகள் எல்லாவற்றுக்குமாகக் கூடிய பிராங்பர்ட் தேசிய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். 1860 ஜனவரியில் பானிலேயே இறந்தார்.

கதைசொல்லி ஆர்ன்ட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. பேராசிரியரான அதே 1818-இல், சிறுவயதில் ரூகனில் கேட்ட கதைகளைத் தொகுத்து ஒரு நூல் போட்டார். இரண்டாம் பகுதி 1843-இல் வந்தது. ராம்பின் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒன்பது குன்றுகளின் கதை அதில் இருக்கிறது. யோஹான் டீட்ரிஷ் என்ற சிறுவன் நள்ளிரவில் குன்றின் மேல் படுத்திருந்து, ஆட வந்த குள்ளர்களில் ஒருவனின் தொப்பியைப் பறித்துவிடுகிறான். தொப்பியைப் பறிகொடுத்தவன் அவனுக்கு வேலைக்காரன். பையன் பூமிக்குள் இறங்கி ராஜாபோல் வாழ்கிறான். ஆனால் அங்கே பரிமாறுகிறவர்கள், குள்ளர்கள் தூக்கிக்கொண்டு போன மனிதக் குழந்தைகள். அவர்களில் ஒருத்தி லீஸ்பெத். ஒருநாள் மேலே சேவல் கூவுவது கேட்டு, வீட்டை நினைத்து அழுகிறாள். அவளை விடக் குள்ளர்கள் மறுக்கிறார்கள். யோஹான் ஒரு கல்லை உடைக்க, உள்ளிருந்து உயிருள்ள தேரை ஒன்று வருகிறது. தேரையின் நாற்றம் குள்ளர்களுக்குத் தாங்காது. அதை வைத்தே அவர்களைப் பணியவைத்து, அவளையும் அங்கே ஊழியத்தில் கிடந்த மற்றவர்களையும் வெளியே கொண்டுவருகிறான். 1803-ஆம் ஆண்டுப் புத்தகத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது. தங்கைக்கு ஜெர்மன் தெரியும் என்பதால், அவரை வாசிக்க நினைத்தால் இந்தக் கதையில் தொடங்கட்டும், பாட்டுகள் பிறகு.

இனி பெயர் விவகாரம். 1933-இல், ஹிட்லர் பதவிக்கு வந்த சில மாதங்களில், நாஜித் தலைவர் கோரிங் தலைமையிலிருந்த பிரஷ்ய அரசு அந்தப் பெயரைச் சூட்டியது. கிழக்கு ஜெர்மனியிலும் அதே பெயர் புழக்கத்தில் இருந்தது. ஆர்ன்ட்டை நாஜிகள் கொண்டாடியதற்கு அவர் பொறுப்பில்லைதான், ஆனால் அவர்களுக்கு வேண்டியது அவர் எழுத்தில் கிடைத்தது. 2010-இல் பல்கலைக்கழகப் பேரவை வாக்கெடுத்துப் பெயரை வைத்துக்கொண்டது. 2017 ஜனவரியில் நீக்க முடிவெடுத்தது. நடைமுறைக் குறை இருப்பதாக மாநில அரசு அதை ஏற்கவில்லை. ஊர்க்காரர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 2018-இல் மறுபடி வாக்கெடுத்து, நீக்கம் நடைமுறைக்கு வந்தது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். பல நாட்டு மாணவர்கள் வந்து படிக்கும் இடத்தின் வாசலில், வெளியிலிருந்து வருகிறவர்களை வெறுக்கச் சொன்னவரின் பெயர் இருக்க வேண்டியதில்லை. வகுப்பில் அவரைப் படிப்பதை யாரும் தடுக்கவில்லை.

நேர்காணலில் கேட்டால் நீட்டி முழக்க வேண்டாம். "பண்ணையடிமை முறையையும் நெப்போலியனையும் எதிர்த்த கவிஞர்; பிரெஞ்சுக்காரர், யூதர் மீது அவர் எழுதிய வெறுப்புக்காக 2018-இல் பல்கலைக்கழகம் பெயரை எடுத்துவிட்டது; நான் படித்தது அதற்கு முன்னால்" என்று தங்கை சொன்னால் போதும். பட்டத்தைத் திருத்தி வாங்கவும் முயல வேண்டாம். பட்டம் கொடுத்த நாளில் இருந்த பெயர்தான் அதில் இருக்க வேண்டும்.