எண்பதாயிரம் ரூபாயைக் கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வேலை பற்றி ஆலோசனை கேட்க அல்சூரில் என் அறைக்கு வந்துபோன பிறகு, உங்கள் கேள்வி மனதிலேயே நின்றது. பிசிஏ முடித்து எட்டு மாதம் ஆகிறது, வேலை இல்லை, ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் பயிற்சி மையத்துக்கு எண்பதாயிரம் கட்டலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் என்ன செய்கிறாள் என்று காட்டச் சொன்னேன். லேப்டாப்பில் ஒரு டிஸ்க் இமேஜ் வைத்திருந்தாள். ஒரு முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுத்து ஒரே ஃபைலாக வைத்திருப்பதுதான் அது. பீரோவை அறை அறையாக, பூட்டோடு சேர்த்துப் பெட்டியில் போட்டதுபோல. விண்டோஸ்போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் அந்த ஃபைலை 'லூப்' என்ற வழியில் ஒரு நிஜ டிஸ்க்போலக் காட்டி, ஒரு ஃபோல்டரில் திறந்துவிடலாம். இதைத்தான் மவுண்ட் என்கிறார்கள்.

அவள் மவுண்ட் கொடுத்தாள். ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) வகை தவறு, அதன் விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் சரியில்லை என்று பிழை வந்தது. பலர் இங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். அவள் டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் எஃப்டிஸ்க் கமாண்டைப் போட்டுப் பார்த்தாள். இமேஜின் தலையில் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கின் பிரிவுகள், பற்றிய பட்டியல் இருந்தது, முதல் பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டாரில்தான் தொடங்கியது. செக்டார் என்பது டிஸ்கின் ஒரு சின்னத் துண்டு, இங்கே ஒன்று 512 பைட். என் மேஜையில் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் பெருக்கினாள்: 10,48,576. அந்த எண்ணை ஆஃப்செட்டாக, அதாவது இத்தனை பைட் தள்ளித் தொடங்கு என்று, கொடுத்ததும் ஃபோல்டர் திறந்தது. "இமேஜை டிஸ்காகக் காட்டும் லோசெட்டப் கமாண்டில் பெரிய பி போட்டால் தானாகவே பார்ட்டிஷன்களைப் பிரித்துக் காட்டும்தானே?" என்றேன். "தெரியும் மேடம், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே தொடங்குதுன்னு மனசில் நிற்குது" என்றாள். அம்மா, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வேலைக்குப் பெங்களூரில் இடம் இருக்கிறது. கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளில் லினக்ஸ் ஏற்றும் எம்பெடட் கம்பெனிகளில் இது அன்றாடம். அப்படி ஒரு சின்ன போர்டான ராஸ்பெர்ரி பையின் இமேஜை எடுத்தால் உள்ளே பூட் ஆவதற்கு (மெஷின் தொடங்குவதற்கு) ஒரு ஃபேட் பார்ட்டிஷன், சிஸ்டத்துக்கு ஒரு இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் இருக்கும்; ஃபேட், இஎக்ஸ்டி4 இரண்டும் ஃபைல் சிஸ்டம் வகைகள். மெமரி கார்டில் ஏற்றும் முன்பே இமேஜைத் திறந்து செட்டிங்கை மாற்றுவார்கள். இரண்டாவது, இணையம் வழியே வாடகைக்குத் தரும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கிளவுட் சப்போர்ட். அங்கே, பூட் ஆகாமல் நின்ற விர்ச்சுவல் மெஷினின் (மென்பொருளால் ஆன கம்ப்யூட்டரின்) டிஸ்கை வேறொரு மெஷினில் மவுண்ட் செய்து, எந்தெந்த டிஸ்கை மவுண்ட் செய்ய வேண்டும் என்று எழுதிய எஃப்எஸ்டேப் ஃபைலில் தவறான ஒரு வரியைத் திருத்துவார்கள். விர்ச்சுவல் மெஷின்களுக்கான கியூகௌ2 வகை இமேஜும் அங்கே வரும். அது நேரடியாக மவுண்ட் ஆகாது, அதை டிஸ்காகக் காட்ட க்யூஎமு-என்பிடி என்ற கருவி வேண்டும். அதை அவள் இன்னும் தொடவில்லை, தொடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டிஜிட்டல் ஃபோரன்சிக்ஸ், அதாவது கம்ப்யூட்டர், போன்களில் வழக்குக்கான ஆதாரம் தேடும் வேலை. அவளுடைய பொறுமைக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (ஃபைலின் கைரேகைபோல, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) இருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். அசல் டிஸ்கை 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தாலும், அது பாதியில் அணைக்கப்பட்ட இஎக்ஸ்டி4 டிஸ்க் என்றால், ஜர்னலில் (செய்ய வேண்டிய மாற்றங்களின் குறிப்பு) மிச்சம் இருந்ததை லினக்ஸ் டிஸ்கில் எழுதி முடித்துவிடும். ஆதாரம் கெட்டது. அதனால்தான் நகல் எடுத்து, அந்த இமேஜை, ஜர்னலைத் தொடாதே என்று சொல்லும் 'நோலோட்' சேர்த்துத் திறக்கிறார்கள். இன்டர்வியூவில் இதை விளக்கத் தெரிந்த பெண்ணைச் சும்மா அனுப்ப மாட்டார்கள்.

குறை எங்கே என்றால், பேச்சில். செய்கிறாள், சொல்ல வரவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அன்று என்ன பிழை வந்தது, ஏன் வந்தது, எப்படிச் சரியானது என்று தமிழில் சொல்லட்டும். புரியாத இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். அதையே ஒரு நோட்டில் எழுதட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டில் 100 எம்பி காலி ஃபைல் ஒன்றை உருவாக்கி, இஎக்ஸ்டி4 போட்டு, மவுண்ட் செய்து, ஃபைல்கள் வைத்து, யூமவுண்ட் செய்யட்டும் (திறந்ததை மூடுவது). டிடியில் மட்டும் கவனம். என்னிடம் வந்த ஒரு பையன், எழுத வேண்டிய டிஸ்கின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு, வீட்டுப் படங்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டான். என்டர் தட்டும் முன், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டைப் போட்டுப் பெயரைச் சரிபார்க்கும் பழக்கம் வரட்டும்.

சான்றிதழ் வேண்டும் என்றால் லினக்ஸ் கம்பெனியான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ இருக்கிறது. அது மெஷினில் செய்துகாட்டும் தேர்வு, இவளுக்கு அது தோதுதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த மையத்தில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் எடுத்து வாருங்கள், திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிடலாம்.